மக்கட்பேறும் விருந்தோம்பலும்

திருவள்ளுவர் இல்லறவியலை வகுத்த முறையைக் கருத்தூன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை இனிது புலப்படும். மக்கட்பேறு ஏழாம் அதிகாரம். அன்புடைமை எட்டாம் அதிகாரம். விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். ஏட்டில் மக்கட்கும் விருந்திற்கும் இடையே அன்பு அமைதியாக வீற்றிருக்கிறது. வீட்டிலோ நிலைமை வேறு. மாலை ஏழு மணிக்கு ஏழாம் அதிகாரம் அடுக்களையில் நின்று அழ, ஒன்பதாம் அதிகாரம் வாயிலில் வந்து நிற்க, இடையிலிருந்த எட்டாம் அதிகாரம் எங்கோ ஓடி ஒளிந்துகொள்கிறது. சிறு மகவுகளை உடைய இல்லங்களில் இஃது அடிக்கடி நிகழ்வது. அங்ஙனம் நிகழாவண்ணம் ஒரு சைவ விருந்தை முன்கூட்டியே ஆக்கி வைக்கும் முறையை, எங்கள் நாஞ்சில் நாட்டுச் சமையலைக் கொண்டு ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு அடுக்களையில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். அதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

என் தமக்கைக்கு இரு மக்கள். மூத்தவளுக்கு வயது நான்கு, இளையவனுக்கு இரண்டு. சென்ற ஆண்டு ஒருநாள் அத்தான் தம்முடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரைக் குடும்பத்தோடு இராவுணவிற்கு அழைத்திருந்தார். அவர்கள் மரக்கறி உணவினர். வந்தவர்க்கு யாவும் சுடச்சுடப் படைத்தலே மரியாதை என்று எண்ணிய தமக்கை, மாலை நான்கு மணிக்கு ஒன்பது வகைக் கறிகளையும் ஒருங்கே தொடங்கினாள். ஏழரை மணிக்கு விருந்தினர் வந்தபோது மூன்று அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன, சோறு வடியவில்லை, பிள்ளைகள் உண்ணவில்லை. பசியாலும் உறக்கத்தாலும் சிணுங்கிய இளையவன் தாயின் சேலையைப் பற்றி இழுத்தான். அவள் திரும்பிய வேகத்தில், மேடை ஓரத்திலிருந்த இரசப் பாத்திரம் சரிந்தது. பிள்ளையை மறைத்துக்கொண்ட அவள் முன்கையில் அது கொட்டியது. நல்ல காலமாகக் குழந்தைமேல் ஒரு துளியும் படவில்லை. அண்டை வீட்டார் எழுதும் மையைத் தடவச் சொன்னார்கள். வேறொருவர் பற்பசை என்றார். வந்திருந்த ஆசிரியரின் மனைவியார் இரண்டையும் விலக்கி, குழாய் நீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்திருக்கச் செய்தார். சுட்ட புண்ணுக்கு உடனே செய்யத்தக்கது அதுவே என்று பின்னர் மருத்துவரும் கூறினார். அன்று விருந்தினர் ஒன்பது வகையும் உண்டனர். ஆயினும், தலைகுனிந்து, விரைந்து, ஏதோ குற்றம் செய்தவர் போல உண்டு எழுந்து சென்றனர்.

மறுநாள் பாட்டி வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "மக்களே, வந்தவங்க உன் சோற்றைத் தின்ன வந்தாங்களா, உன் முகத்தைப் பார்க்க வந்தாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தமக்கை விடை சொல்லவில்லை. "கலியாண வீட்டில எல்லாத்தையும் பந்தி போடுற நேரத்திலயா வைக்கிறோம்? உப்பேரி எப்போ வறுப்போம், இஞ்சிக்கறி எப்போ வைப்போம், நினைச்சுப் பாரு" என்றார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களும், அவற்றை அடுத்த கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை மலையாள நாட்டோடு ஓராட்சியின்கீழ் இருந்தவை. ஆதலின் எங்கள் இலையில் தமிழும் மலையாளமும் கலந்தே பரிமாறப்படுகின்றன. அவியல், எரிசேரி, தீயல், துவரன், இஞ்சிக்கறி, உப்பேரி, சர்க்கரை வரட்டி, பிரதமன் என்னும் இவற்றின் பெயர்களைச் சற்று ஆராய்ந்தால், அவற்றுட் சில அவ்வப் பண்டத்தின் மேல் நெருப்பு செய்த வேலையைச் சொல்வது விளங்கும். அவித்தது அவியல், தேங்காயைத் தீயும் அளவிற்கு வறுத்து அரைப்பது தீயல், நீர் வற்றத் துவர்த்தியது துவரன். தலை துவர்த்துதல் என்னும் எம் ஊர் வழக்கை இங்கு நினைவுகூர்க. வறண்டது வரட்டி. இப்பெயர்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு, எப்பண்டம் எத்துணைப் பொழுது தாங்கும் என்பதும் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

உணவு கெடுவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியா நுண்ணுயிர்கள். அவை பெருக நீரும் இளஞ்சூடும் வேண்டும். நீரை அகற்றினால் அவை பெருகா. அதனாற்றான் எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்த ஏத்தங்காய் உப்பேரி காற்றுப் புகாத தகரப் பெட்டியில் வாரக்கணக்கில் நிற்கிறது. புளிப்பும் அவற்றிற்குப் பகை. புளியிலுள்ள அமிலமும் உப்பும் சேர்ந்து இஞ்சிக்கறியைக் காக்கின்றன. பச்சைத் தேங்காயோ ஈரமும் இனிப்பும் கொழுப்பும் உடையது. அரைத்த சில மணி நேரத்தில் புளித்துவிடும். அதே தேங்காயைச் செம்பழுப்பாக வறுத்துவிட்டால் ஈரம் நீங்கிப் பெரிதும் உறுதி பெறுகிறது. ஆகவே, "வறண்டது முன்னே, புளித்தது அடுத்து, வறுத்தரைத்தது அதற்கடுத்து, பச்சைத் தேங்காய் கடைசி" என்னும் ஒரு வரிசையை மனத்திற் கொண்டால் போதும். விருந்து முழுவதும் அவ்வரிசையில் தானே அமைந்துவிடும்.

நிற்க. ஆறு பெரியவர்க்கும் இரு சிறுவர்க்கும் ஆகும் ஓர் இராவிருந்தை இம்முறைப்படி அமைத்துக் காட்டுவேன்.

விருந்திற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் வாங்கிப் பெட்டியில் இட்டுவிடலாம். இவற்றை வீட்டில்தான் வறுக்க வேண்டும் என்பதில்லை. நாகர்கோவிலில் இவற்றைச் செய்து விற்கும் கடைகள் பல. வடசேரிக் கனகமூலம் சந்தையில் காய்களையும் அன்றே வாங்கிவிடலாம். சேனையும் பூசணியும் வெட்டாமல் வைத்தால் கெடா.

இரண்டு நாள் முன்னர் இஞ்சிக்கறி. நூறு கிராம் இஞ்சியைத் தோல் சீவிப் பொடியாக அரிந்து, தேங்காய் எண்ணெயிற் பொன்னிறமாக வறுத்து, எலுமிச்சை அளவு புளியின் கெட்டியான கரைசலில் உப்பு, மிளகாய்ப்பொடி, சிறிது மஞ்சள், ஒரு துண்டு வெல்லம் ஆகியவற்றோடு கொதிக்கவிட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துச் சேர்த்தல் வேண்டும். ஈரமற்ற கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். நாள் செல்லச் செல்லக் காரம் தணிந்து சுவை கூடும்.

முந்தின நாள் இரவு, பிள்ளைகள் உறங்கிய பின், உள்ளித் தீயல். ஒரு தேங்காயைத் துருவி, மூன்று மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, எட்டு வற்றல் மிளகாய், சிறிது வெந்தயம் இவற்றோடு மெல்லிய தீயில் கைவிடாமல் கிளறி வறுத்தல் வேண்டும். பொன்னிறத்தில் நிறுத்துவோர் தோற்பர். கருகும்வரை விடுவோரும் தோற்பர். இரண்டிற்கும் இடைப்பட்ட காப்பிக் கொட்டை நிறமே பதம். அதனை நீரின்றி அரைத்தால் தன் எண்ணெயிலேயே குழம்பாகிவிடும். நானூறு கிராம் சிறிய உள்ளியை வதக்கி, புளிக்கரைசலிற் கொதித்த பின் இவ்வரைப்பைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை விடுக. தீயல் சமைத்த அன்றைவிட மறுநாள்தான் சுவை மிகும். உள்ளி புளியையும் உறைப்பையும் உறிஞ்சிக்கொள்ள அத்துணைப் பொழுது வேண்டும். எனவே, இதனை முந்தின நாளே வைத்தல் சோம்பல் அன்று, முறையே ஆகும். அன்றிரவே நூற்றைம்பது கிராம் தட்டைப்பயற்றையும் நீரில் ஊறவைத்து விடலாம்.

விருந்து நாட்காலையில் மத்தங்காய் எனப்படும் மஞ்சட் பூசணி முக்கால் கிலோவையும் ஊறிய பயற்றையும் தனித்தனியே வேகவைத்து ஆறவிட்டுக் குளிர்ப்பெட்டியிற் சேர்க்க. இஃது எரிசேரிக்குப் பாதி வழி. பின்னர்ப் பாயசம். இருநூறு கிராம் சிறுபயற்றம் பருப்பை வறுத்து வேகவைத்து, கரைத்து வடிகட்டிய வெல்லம் முந்நூற்றைம்பது கிராமும், இரண்டாம் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கெட்டியாக இறக்கிவிடுக. முதற்பாலை இப்போது சேர்த்தலாகாது. பிழிந்து மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, மாலையிற் பாயசத்தை நன்கு கொதிக்கச் செய்து, தீயை அணைத்த பின்னரே ஊற்றுதல் வேண்டும். முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும்.

நண்பகலில், இளையவன் உறங்கும் ஒன்றரை மணி நேரம் பொன்னான காலம். கொதிக்கும் எண்ணெய் வேலை அனைத்தையும் அப்போதே முடித்துவிடுதல் வேண்டும். பப்படம் பொரித்து, எண்ணெய் வடிந்து முற்றும் ஆறிய பின் பெட்டியில் அடைத்தால் இரவுவரை நொறுங்கும் தன்மை கெடாது. எரிசேரிக்கு மேலே தூவும் தேங்காய்த் துருவலையும் அப்பொழுதே சிவக்க வறுத்துக் கொள்ளலாம். அவியலுக்குரிய சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், புடலங்காய், தடியங்காய் இவற்றை ஒருவிரல் நீளத்திற்கு அரிந்து வைக்கலாம்; வாழைக்காயும் சேனையும் கறுக்காதிருக்க நீரில் மூழ்கியிருக்கட்டும்.

மாலை ஆறரைக்குப் பின் எஞ்சுவன மூன்றே. சோறு, எரிசேரிக்குத் தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்துச் சேர்த்து நன்றாகக் கொதிக்க வைத்தல், அவியல். காய்கள் வெந்தபின் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்து, ஆவி வந்ததும் தயிர் விட்டு இறக்கி, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் தூவி மூடிவிட்டால் அவியலின் வேலை அரைமணியில் முடியும். இத்தகைய நாளில் விட்டுவிடத் தக்கவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவை புளிசேரி, துவரன், வடை. மூன்றும் நல்லன, ஆயினும் பந்திக்கு முந்திய கால்மணியில் தாயை அடுப்பை விட்டு அகலவிடாதவை. தொடுகறி இரண்டு குறைந்தால் இலை வறுமைப்படாது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. முன்கூட்டி ஆக்குதல் வேறு, ஆக்கியதை அசட்டையாக வைத்திருத்தல் வேறு. சமைத்த ஈரப் பண்டம் எதனையும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் மேடையில் வைத்திருத்தல் தகாது; சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணியே எல்லை. பெரிய பாத்திரத்தோடு சூடாகக் குளிர்ப்பெட்டியில் ஏற்றினால் நடுவில் நெடுநேரம் இளஞ்சூடு தங்கும். ஆதலின் அகன்ற சிறு பாத்திரங்களிற் பிரித்து ஆற்றி வைத்தல் நன்று. எடுக்கும்போது குழம்புகளை நன்கு கொதிக்கச் செய்தல் வேண்டும். முன்னரே ஆக்கிவைக்கத் தகாதது சோறு. அரிசியிலுள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் நீங்காது. ஆகவே சோறு கடைசியில் வடிக்கப்பட்டுச் சூடாகவே இலைக்கு வருதல் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத இல்லங்களில் உப்பேரியையும் இஞ்சிக்கறியையும் மட்டும் முன்னரே செய்து கொண்டு, தீயலுக்கு வறுத்த அரைப்பை மாத்திரம் முந்தின நாள் ஆயத்தம் செய்வது அறிவுடைமை.

இத்துணையும் இயலாதார்க்கு இன்னும் எளியதொரு வழி உண்டு. அஃது இடியாப்பமும் கடலைக்கறியும். நானூறு கிராம் கறுப்புக் கடலையை இரவு முழுதும் ஊறவைத்து வேகவைத்து, வறுத்தரைத்த தேங்காயோடு முந்தின நாளே கறியாக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடலாம். தீயலைப் போலவே இதுவும் மறுநாள் சுவை மிகும். இடியாப்பத்தை மாலையில் அவித்து, ஈரத்துணி போர்த்தி வைத்திருந்து, இலை போடும்போது ஐந்து நிமிடம் மீண்டும் ஆவியில் வைத்தால் புதியது போல் மென்மையாகும். பெரியவர்க்குக் கறி, சிறுவர்க்குத் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும். பின்னர் ஒரு மட்டிப்பழம். விருந்தினர் குறை சொல்லார்.

இனி மக்கட்குரிய பகுதிக்கு வருவோம். விருந்தினர் ஏழரைக்கு வருவாராயின், பிள்ளைகள் ஆறரைக்கே உண்டுவிடல் வேண்டும். அவர்க்கெனத் தனிச் சமையல் தேவையில்லை. உறைப்புச் சேர்க்குமுன் எடுத்து வைத்த பூசணியும், உப்பும் நெய்யும் இட்ட பருப்பும் போதும். அவர்க்குரிய கைப்பிடிச் சோற்றை மட்டும் முன்னதாகத் தனியே வைத்துக் கொள்ளலாம். வயிறு நிறைந்த குழந்தை விருந்தினரைக் கண்டால் சிரிக்கும். பசித்த குழந்தை தாயின் சேலையை இழுக்கும். பாயசத்து முந்திரிப் பருப்பை ஐந்து வயதிற்குட்பட்டோர்க்கு முழுதாகக் கொடுத்தலாகாது; தொண்டையில் அடைக்கக்கூடும். பாத்திரக் கைப்பிடிகள் சுவரை நோக்கித் திரும்பியிருக்கட்டும். கொதிப்பவை பின் அடுப்பில் இருக்கட்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தால் அது காலைச் சுற்றாது. எங்கள் வீட்டு மூத்தவள் கறிவேப்பிலை உருவுவதில் வல்லவள். வாழையிலை துடைப்பதிலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று எண்ணுகிறாள்.

முதல் விருந்து நடந்த மூன்றாம் மாதம் அதே ஆசிரியர் குடும்பத்தை மீண்டும் அழைத்தோம். தேங்காய் ஐந்தும் துருவும் பணி எனக்கு. நண்பகலில் இளையவனை உறங்கச் செய்யும் பணி அத்தானுக்கு. இரண்டனுள் எனதே எளிது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஏழரைக்கு வாயில் மணி ஒலித்தபோது அடுப்பில் ஒன்றுமில்லை. தமக்கை முகம் கழுவி, முற்றத்தில் நின்று, "வாங்க" என்று சொன்னாள். இரு வீட்டாரும் ஒரே பந்தியில் அமர்ந்தோம். ஆசிரியரின் மனைவியார் இளையவனை மடியில் வைத்துக்கொண்டு உண்டார். அவன் அவர் இலையிலிருந்த பப்படத்தை நொறுக்கி அவர் சோற்றிலேயே தூவினான். அவர் அதனையும் பிசைந்து உண்டார். தொடுகறிகள் முன்னையினும் குறைவு. ஆயினும் விருந்தினர் எழுந்து செல்ல இரவு பத்தரை ஆயிற்று.

நற்றிணையின் நூற்றிருபதாம் பாட்டில் மாங்குடி கிழார் ஓர் அடுக்களையைக் காட்டுகிறார். விருந்திற்காக அட்டிலில் உழலும் தலைவியின் கண்கள் புகையால் வருந்துகின்றன. நெற்றி வியர்வையை அவள் முந்தானையால் துடைத்துக்கொள்கிறாள். வகுப்பில் அப்பாட்டைப் படிக்கும்போது அதன் அழகை வியந்தேன். தமக்கையின் கையிலுள்ள வடுவைப் பார்த்த பின், அவ்வியர்வையை அழகென்று நோக்கி நின்ற தலைவன் ஒரு தேங்காயாவது துருவிக் கொடுத்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. புல்வேளூர்ப் பூதன் ஔவைக்கு இட்ட விருந்தோ வரகுச் சோறும் கத்திரிக்காய்க் கறியும் புளித்த மோருமே. அதற்கு உலகமெல்லாம் ஈடாகும் என்று அவ்வம்மையார் பாடியதாகத் தனிப்பாடல் ஒன்று உண்டு. மோர் புளிக்க வேண்டுமாயின் முந்தின நாளே உறையிட்டிருத்தல் வேண்டும் அன்றோ? பூதனும் முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தவன்தான்.

ஏழாம் அதிகாரத்திற்கும் ஒன்பதாம் அதிகாரத்திற்கும் இடையே எட்டாவதற்கு இடம் விட்டு வைத்தார் வள்ளுவர். அவ்விடத்தை முந்தின நாள் இரவே ஒழித்து வைத்தல் நம் கடன்.